ரயில் பாதை போட்டு நாடு கட்டிய மெக்டொனால்ட்: 140 வருஷமாகியும் கனடாவில் ஏன் ஓயவில்லை இந்தச் சண்டை?

டொராண்டோவில் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஒரு பெரிய மரப்பெட்டி நின்றது. பெட்டிக்குள் இருந்தவர் கனடாவின் முதல் பிரதமர் சர் ஜான் ஏ. மெக்டொனால்ட். அவருடைய வெண்கலச் சிலை.

2020 ஜூலையில் போராட்டக்காரர்கள் அந்தச் சிலைமீது பிங்க் பெயின்ட் வீசினார்கள். சட்டமன்ற நிர்வாகம் நாலு பக்கமும் பலகை அடித்து மூடியது. அடுத்த வருஷம் கம்லூப்ஸ் என்ற ஊரில், பழைய உறைவிடப் பள்ளி ஒன்றின் வளாகத்தில் பூர்வகுடிக் குழந்தைகளின் புதைகுழிகள் இருக்கலாம் என்று ரேடார் ஆய்வு சொன்னது. அன்றைக்கு மக்கள் இந்தப் பெட்டியின் காலடியில் குட்டிக் குட்டி ஷூக்களை வைத்துவிட்டுப் போனார்கள். 2025 ஜூனில் பலகைகள் கழற்றப்பட்டன. சிலை மறுபடி வெளியே வந்துவிட்டது.

அதே ஜூன் மாதம் ஒட்டாவாவில் இன்னொரு வேலை நடந்தது. பிரதமர் மார்க் கார்னி அரசு கொண்டுவந்த 'கனடாவைக் கட்டியெழுப்பும் சட்டம்' நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. துறைமுகம், சுரங்கம், மின் திட்டம், பைப்லைன் என எதையும் 'தேசிய நலனுக்கான திட்டம்' என்று அமைச்சரவை அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அனுமதிகள் வேகமாகக் கிடைக்கும். 'கனடா எங்கள் 51ஆவது மாநிலமாகலாமே' என்று டிரம்ப் சொல்லிக்கொண்டிருந்த நேரம். கூடவே வரிகளையும் ஏற்றிவிட்டார். அதற்கு கார்னியின் பதில்களில் ஒன்று இந்தச் சட்டம்.

சிலைக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். அமெரிக்கா விழுங்கிவிடும் என்ற பயம், அதைத் தடுக்க ஒரு பிரம்மாண்ட திட்டம், அதைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம். கனடாவில் இந்த மூன்றும் முன்பே ஒருமுறை சேர்ந்து வந்திருக்கின்றன. அப்போது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் மெக்டொனால்ட். அவர் கையில் எடுத்த திட்டம் கனடியன் பசிபிக் ரயில்வே.

ஒரு நாட்டுக்கு எதுக்கு இவ்வளவு நீள ரயில்?

1867 ஜூலை 1ஆம் தேதி கனடா பிறந்தபோது அதில் இருந்தவை நாலே மாகாணங்கள்: ஒன்டாரியோ, கியூபெக், நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா. எல்லாமே கிழக்குப் பக்கம். அதே வருஷம் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது. 1869இல் அமெரிக்காவின் முதல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்தது. வடமேற்கில் அலாஸ்கா, தெற்கே ரயிலோடு விரியும் அமெரிக்கா, நடுவில் ஆள் அதிகமில்லாத பிரிட்டிஷ் கொலம்பியா. அது எந்தப் பக்கம் சாயும் என்பது யாருக்கும் தெரியாத நிலை.

மெக்டொனால்ட் இரண்டு காய் நகர்த்தினார். ஒன்று, ஹட்சன்ஸ் பே கம்பெனி உரிமை கொண்டாடிய பரந்த நிலத்தை 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: எங்களோடு சேருங்கள், பத்து வருஷத்தில் ரயில் வரும். 1871 ஜூலையில் அந்த மாகாணம் இணைந்தது.

இன்றைய கம்பெனி பாஷையில் சொன்னால், பட்ஜெட் போடாமல், ரூட் சர்வே முடியாமல், கிளையன்ட்டிடம் டெட்லைன் மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி. நடுவில் சுப்பீரியர் ஏரியின் வடகரைப் பாறை, அப்புறம் சமவெளி, அதைத் தாண்டினால் ராக்கி மலை. மாண்ட்ரியலிலிருந்து பசிபிக் கரை வரை சுமார் 4,600 கிலோமீட்டர்.

முதல் முயற்சியே ஊழல்

1872 தேர்தலுக்கு மெக்டொனால்டின் கட்சிக்குப் பணம் தேவைப்பட்டது. கொடுத்தவர் ஹியூ ஆலன் என்ற கப்பல் முதலாளி. ரயில் கான்ட்ராக்ட் யாருக்குக் கிடைக்க இருந்தது? அதே ஆலனுக்குத்தான். 'இன்னும் பத்தாயிரம் வேண்டும், கேட்பது இதுதான் கடைசி, கைவிட்டுவிடாதீர்கள், இன்றே பதில் போடுங்கள்' என்ற பொருளில் மெக்டொனால்ட் அனுப்பிய தந்தி வெளியே கசிந்தது. 1873 நவம்பரில் பதவியை ராஜினாமா செய்தார்.

அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமெரிக்கப் பொருட்களுக்கு இறக்குமதி வரி, உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு என்று 'தேசியக் கொள்கை'யை முன்வைத்து 1878இல் மறுபடி ஜெயித்தார். வரி, ரயில், குடியேற்றம் மூன்றும் அந்தக் கொள்கைக்குள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. மேற்கில் குடியேறும் விவசாயி கிழக்கில் தயாராகும் பொருளை வாங்க வேண்டும், அதை ரயில் கொண்டுபோக வேண்டும்.

1881இல் கனடியன் பசிபிக் கம்பெனி உருவானது. அரசு கொடுத்தது 2.5 கோடி டாலர் ரொக்கம், 2.5 கோடி ஏக்கர் நிலம். ஏற்கனவே அரசு செலவில் போட்டுக்கொண்டிருந்த பாதைகளும் இலவசம். போதாததற்கு, கம்பெனியின் பாதைக்குத் தெற்கே, அமெரிக்க எல்லைப் பக்கம் போட்டிப் பாதை போட 20 வருஷத் தடை. கம்பெனிக்கு இதைவிடச் சாதகமான ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம்.

கையில் நிலம் வந்ததும் கம்பெனி பாதையைத் தெற்கே திருப்பியது. முதலில் யோசித்தது வடக்கே உள்ள வளமான பகுதி வழியாக. போட்டது எல்லையை ஒட்டிய வறண்ட சமவெளி வழியாக. இந்த ஒரு மாற்றம், அந்தச் சமவெளியில் இருந்த மக்கள் தலையில்தான் விடிந்தது.

காட்டெருமை இல்லாத சமவெளி

கிரீ, பிளாக்ஃபுட், அசினிபாயின் மக்களுக்குக் காட்டெருமைதான் எல்லாம். இறைச்சி, கூடாரத் தோல், போர்வை, வியாபாரம் என்று வாழ்க்கையே அதைச் சுற்றித்தான். 1870களில் வேட்டை கட்டுமீறிப் போனது. 1879 வாக்கில் கனடா பக்கச் சமவெளியில் மந்தைகள் காணாமல் போய்விட்டன. கோடைக்குள் சேர்த்துவைத்த இறைச்சியில் குளிர்காலத்தைத் தள்ளிய சமூகங்கள் திடீரென்று பட்டினியில் விழுந்தன.

இந்த மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஒப்பந்தங்கள் இருந்தன என்பதை மறக்கக்கூடாது. 1876இல் கையெழுத்தான ஆறாம் ஒப்பந்தத்தில், கொள்ளைநோயோ பெரும் பஞ்சமோ வந்தால் அரசு உதவும் என்று எழுதியே இருக்கிறது. கிரீ தலைவர்கள் பேரம்பேசிச் சேர்க்க வைத்த வரி அது. பஞ்சம் வந்தது. உதவியும் வந்தது, நிபந்தனையோடு.

சைப்ரஸ் மலைப் பகுதியில், ஃபோர்ட் வால்ஷ் என்ற போலீஸ் கோட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். பயபாட், பிக் பேர் போன்ற தலைவர்கள் அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் நிலம் கேட்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் பேரம்பேசும் பலம் கூடும், அது அரசுக்கும் தெரியும். பாதையும் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அரசு மறுத்தது. தூரத்தில் தனித்தனியாகக் காட்டிய ரிசர்வ் நிலங்களுக்குப் போனால்தான் ரேஷன் என்றது. 1883இல் கோட்டையையே மூடிவிட்டார்கள். கோட்டை மூடினால் ரேஷனும் நின்றுவிடும் அல்லவா? போவதைத் தவிர வழியில்லை.

இதெல்லாம் யாரோ கீழ்மட்ட அதிகாரி செய்தது என்று தள்ள முடியாது. பிரதமராக இருந்துகொண்டே பூர்வகுடி விவகாரத் துறையையும் வைத்திருந்தவர் மெக்டொனால்ட்தான். 1882 ஏப்ரலில் அவரே நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார்: செலவைக் குறைக்க, பட்டினியின் விளிம்புக்கு வரும்வரை உணவு கொடுக்காமல் தங்கள் ஆட்கள் முடிந்ததையெல்லாம் செய்கிறார்களாம்.

மெக்டொனால்டை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் பேச்சு, 'ரேஷனுக்கு அதிகமாகச் செலவழிக்கிறீர்கள்' என்று எதிர்க்கட்சி தாக்கியபோது சொன்ன பதில். உண்மைதான். லிபரல்கள் ஆட்சியில் இருந்திருந்தால் இன்னும் குறைவாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த வாதம் அவரைக் காப்பாற்றுவதைவிட அந்த அவையையே சேர்த்து மாட்டிவிடுகிறது. பட்டினி போடுவது சரியா தவறா என்று விவாதம் நடக்கவில்லை. செலவு எவ்வளவு என்றுதான் நடந்தது. சரித்திர ஆய்வாளர் ஜேம்ஸ் டாஷுக் 2013இல் எழுதிய 'கிளியரிங் தி பிளெய்ன்ஸ்' புத்தகம் இந்த ரேஷன் அரசியலை ஆவணங்களோடு வெளியே கொண்டுவந்த பிறகுதான், பொதுவெளியில் மெக்டொனால்ட் பற்றிய பேச்சின் தொனியே மாறியது.

பாதை சிக்சிகா மக்களின் நிலத்தைத் தொட்டபோது நடந்ததையும் சொல்லணும். எதிர்ப்பு கிளம்பியது. லக்கோம்ப் என்ற பாதிரியார் சமாதானம் பேசினார். பிறகு தலைவர் க்ரோஃபுட்டுக்கு ரயில் கம்பெனி ஒரு ஆயுட்கால இலவச பாஸ் கொடுத்தது. சொந்த நிலத்தின் மேல் ஓடும் ரயிலில் ஏற ஒரு பாஸ்!

மலையைக் குடைந்தவர்கள்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃப்ரேஸர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஆறு. வெடி வைத்துக் குடைந்து, சுரங்கமும் பாலமுமாகப் போட வேண்டிய பகுதி. அங்கே கான்ட்ராக்டர் ஆண்ட்ரூ ஆண்டர்டாங்க். அவர் கொண்டுவந்த சீனத் தொழிலாளர்கள் சுமார் 15,000 பேர். பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டாங் பகுதி ஆட்கள்.

நாள் கூலி ஒரு டாலர். வெள்ளைத் தொழிலாளிக்கு ஒன்றரை முதல் இரண்டரை டாலர் வரை. அந்த ஒரு டாலரிலும் சாப்பாட்டுச் செலவைச் சீனர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிவிபத்து, பாறைச் சரிவு, ஸ்கர்வி நோய் என்று குறைந்தது 600 பேர் இறந்தார்கள். அதைவிடப் பல மடங்கு என்று சொல்பவர்களும் உண்டு. செத்தவர்களின் பெயரைக்கூட யாரும் ஒழுங்காக எழுதி வைக்காததால் வந்த குழப்பம் இது.

சீனர்கள் வேண்டாம் என்று பிரிட்டிஷ் கொலம்பியா அரசியல்வாதிகள் கூச்சல் போட்டபோது மெக்டொனால்ட் 1882இல் நேரடியாகச் சொன்னார்: இந்த உழைப்பு வேண்டும், இல்லையென்றால் ரயில் கிடையாது. பாதை முடியப்போகிறது என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. 1885இல் கனடாவுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி. 1900இல் அது 100, 1903இல் 500. அதே 1885இல் நடந்த வாக்குரிமை விவாதத்தில், சீனர்களுக்கு ஓட்டு கூடாது என்பதற்கு மெக்டொனால்ட் சொன்ன காரணங்களில் ஒன்று, எதிர்காலக் கனடாவின் 'ஆரிய' இயல்பைக் காக்க வேண்டும் என்பது. ஆமாம், அதே சொல்தான்.

1923இல் சீனர் குடியேற்றத்தையே கிட்டத்தட்ட முழுசாகத் தடுக்கும் சட்டம் வந்தது. 1947இல்தான் நீங்கியது. அதுவரை தலைவரியாக வசூலான மொத்தம் சுமார் 2.3 கோடி டாலர். ரயில் கம்பெனிக்கு அரசு கொடுத்த ரொக்கம் எவ்வளவு? 2.5 கோடி. காலம் வேறு, பண மதிப்பு வேறு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2006 ஜூனில் அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த வரி கட்டியவர்களுக்கும், இறந்தவர்களின் துணைக்கும் 20,000 டாலர் கொடுக்கப்பட்டது. வரி கட்டியவர்களில் மிச்சமிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

1885: கம்பெனியைக் காப்பாற்றிய கிளர்ச்சி

1885 தொடக்கத்தில் கம்பெனி கிட்டத்தட்ட திவால். முந்தைய வருஷம்தான் அரசு 2.25 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. அதுவும் தீர்ந்துவிட்டது. கம்பெனித் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன் சொந்தச் சொத்தையே அடகு வைத்திருந்தார். இன்னொரு கடன் கேட்டால் நாடாளுமன்றம் கொடுக்குமா என்பது சந்தேகம்.

அந்த மார்ச்சில் சஸ்காட்சுவான் ஆற்றங்கரையில் கிளர்ச்சி வெடித்தது. பூர்வகுடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்த மெட்டிஸ் மக்கள், தங்கள் நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு மேல் மனு போட்டுப் பார்த்தார்கள். ஒட்டாவா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் அழைத்து வந்த தலைவர் லூயி ரியேல் தனி அரசாங்கம் அறிவித்தார். பசியில் இருந்த கிரீ மக்களில் சிலரும் ஆயுதம் எடுத்தார்கள்.

ரயில்வேயின் பொது மேலாளர் வில்லியம் வான் ஹார்ன் இதில் தன் கம்பெனிக்கான வாய்ப்பைப் பார்த்தார். படையை நான் கொண்டுபோகிறேன் என்றார். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பாதை இன்னும் முடியவில்லை, நாலு இடத்தில் இடைவெளி. அங்கெல்லாம் சிப்பாய்கள் பனிச்சறுக்கு வண்டியிலும், உறைந்த ஏரி மேல் நடந்தும் கடந்தார்கள். 1870இல் இதே ரியேலுக்கு எதிராகப் படை போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. இந்த முறை முதல் படைகள் இரண்டு வாரத்துக்குள் வின்னிபெக்கில். மே மாதம் பட்டோஷ் என்ற ஊரில் மெட்டிஸ் தோற்றார்கள், ரியேல் சரணடைந்தார். ஜூலையில் ரயில்வேக்கான நிதி உதவியை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. யாரும் இப்போது 'இந்த ரயில் எதுக்கு?' என்று கேட்கவில்லை.

அந்த வருஷ நவம்பர் காலண்டரைப் பாருங்கள். 7ஆம் தேதி, கிரெய்கலாக்கி என்ற மலை இடத்தில் டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடித்தார். கனடாவின் ஸ்கூல் பாடப்புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக அச்சான புகைப்படம் அது. பாதையை மலைக்குள் கொண்டுவந்த சீனத் தொழிலாளி அந்தக் கூட்டத்தில் கண்ணில் படுவதில்லை. 16ஆம் தேதி, ரெஜைனாவில் லூயி ரியேல் தூக்கிலிடப்பட்டார். 27ஆம் தேதி, பேட்டில்ஃபோர்டில் பூர்வகுடி ஆண்கள் எட்டுப் பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். மூன்று வாரத்துக்குள் மூன்று சம்பவம். முதலாவதை நாடு கொண்டாடியது. இரண்டாவது கியூபெக்கைக் கொதிக்க வைத்தது, ஏன்னா ரியேல் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். மூன்றாவதைப் பற்றி ரொம்ப காலம் பேச்சே இல்லை.

அதற்குப் பிறகு ரிசர்விலிருந்து வெளியே போக அதிகாரியின் பாஸ் வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதற்குச் சட்டமே கிடையாது, ஆனாலும் பல வருஷம் நடந்தது. 1883இல் மெக்டொனால்ட் அரசு சமவெளியில் நிதி ஒதுக்கிய மூன்று தொழிற்பள்ளிகள், பின்னாளில் குறைந்தது 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்த உறைவிடப் பள்ளி அமைப்பாக வளர்ந்தன. இதைத்தான் 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்றது.

மெக்டொனால்ட் தன் ரயிலில் முதல்முறையாக மேற்கே போனது 1886 கோடையில். மலைப் பகுதியில் அவர் மனைவி ஆக்னஸ், இன்ஜினுக்கு முன்னால் மாடுகளைத் தள்ளிவிட வைத்திருக்கும் இரும்புத் தட்டிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். 71 வயது பிரதமரும் கொஞ்ச தூரம் கூட உட்கார்ந்தாராம்.

இப்போ என்ன நடக்கிறது?

கடந்த சில வருஷங்களில் மெக்டொனால்டின் பெயரும் உருவமும் பல இடங்களில் இறங்கின. 2018இல் விக்டோரியா நகராட்சி வாசலிலிருந்து சிலை அகற்றப்பட்டது. அதே வருஷம் வந்த புதிய 10 டாலர் நோட்டில் அவருக்குப் பதில், இனப் பாகுபாட்டை எதிர்த்த கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்ட். 2020இல் மாண்ட்ரியலில் சிலையைக் கயிறு கட்டி இழுத்தபோது தலை தனியாக விழுந்தது. 2021இல் அவர் சொந்த ஊரான கிங்ஸ்டனிலேயே பூங்காவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரயில் கம்பெனி கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவிடமிருந்து நாட்டைக் காக்க உருவான கனடியன் பசிபிக், 2023இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி சதர்ன் ரயில்வேயோடு இணைந்து, இப்போது மெக்சிகோ வரைக்கும் ஓடுகிறது.

டிரம்ப் வந்த பிறகு காற்று திரும்பியது. 'நாட்டை ஒட்டவைத்தவர்' என்ற மெக்டொனால்டின் பழைய பிம்பத்துக்கு மறுபடி மவுசு. டொராண்டோ சிலை வெளியே வந்ததையும் இந்தச் சூழலில்தான் பார்க்க வேண்டும்.

சட்ட நிலைமை 1881 மாதிரி இல்லை என்பது முக்கியமான வித்தியாசம். 1982 அரசியல் சாசனத்தின் 35ஆவது பிரிவு பூர்வகுடிகளின் உரிமைகளை அங்கீகரிக்கிறது. அந்த உரிமைகளைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அரசு அவர்களைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று 2004இல் ஹைடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்னியின் சட்டத்திலும் கலந்தாலோசனை உண்டு. பிரச்சினை வரிசையில். முதலில் திட்டத்தை 'தேசிய நலன்' பட்டியலில் சேர்த்து, கிட்டத்தட்ட அனுமதி உறுதி என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, நிபந்தனைகளைப் பற்றி அப்புறம் பேசுவதா என்பதுதான் பூர்வகுடித் தலைவர்கள் பலரின் கேள்வி. முடிவெடுத்த பிறகு கேட்டால் அது ஆலோசனையா, தகவல் சொல்வதா?

எல்லோரும் ஒரே குரலில் எதிர்க்கவும் இல்லை. திட்டங்களில் பங்குரிமை கிடைத்தால் கூட்டாளியாகச் சேரத் தயார் என்று சொல்லும் சமூகங்கள் இருக்கின்றன. சுரங்கத்திலும் எரிவாயுத் திட்டங்களிலும் ஏற்கனவே முதலீடு செய்தவர்களும் உண்டு. 2025 ஜூலையில் கார்னி ஒட்டாவா அருகே தலைவர்களைக் கூட்டிப் பேசினார். செப்டம்பரில் முதல் கட்டமாக ஐந்து திட்டங்களை அறிவித்தார். நவம்பர் 27ஆம் தேதி ஆல்பர்ட்டா மாகாணத்தோடு, பசிபிக் கரைக்கு எண்ணெய் பைப்லைன் கொண்டுபோவது பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார். கடலோரப் பூர்வகுடிகளின் கூட்டமைப்பு உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. தங்கள் கடற்கரை வழியாக எண்ணெய்க் கப்பல் வர விடமாட்டோம் என்பது அவர்கள் நிலைப்பாடு.

இதற்கு நாலு மாதம் முன்னாலேயே ஒன்டாரியோவின் ஒன்பது பூர்வகுடிச் சமூகங்கள் நீதிமன்றப் படியேறிவிட்டன. கார்னியின் சட்டத்தையும், அதே பாணியில் ஒன்டாரியோ மாகாணம் போட்ட சட்டத்தையும் எதிர்த்து வழக்கு. அந்த மாகாணச் சட்டம் நிறைவேறிய கட்டடத்தின் வாசலில்தான், பலகை கழற்றப்பட்ட மெக்டொனால்ட் நிற்கிறார்.